எண்ணை மட்டும் அச்சிடாதீர்கள், அளந்த விதத்தையும் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார அறிவியல் பக்கத்தில், திடப்பொருளில் ஹைட்ரஜனைச் சேமிப்பது பற்றி வந்த செய்தியைப் படித்தேன். மெக்னீசியம் ஹைட்ரைடுடன் (மெக்னீசியமும் ஹைட்ரஜனும் சேர்ந்த திடப்பொருள்) ஒரு வினையூக்கியைச் சேர்த்து அரைத்ததும் கிளர்வு ஆற்றல் 160 கிலோஜூலிலிருந்து 80 கிலோஜூலாக இறங்கிவிட்டது, ஆகவே ஹைட்ரஜனை வெளியே எடுக்க இனிப் பாதி வெப்பம் போதும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த அளவீட்டை ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் கைப்படச் செய்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். அந்த ‘ஆகவே’ தவறு. அதைவிடப் பெரிய குறை, 80 என்ற எண் எப்படி வந்தது என்று ஒரு வரிகூட இல்லாதது.

முதலில் ‘ஆகவே’யை எடுத்துக்கொள்கிறேன். ஹைட்ரைடிலிருந்து ஹைட்ரஜன் வெளிவருவதில் இரண்டு ஆற்றல்கள் இருக்கின்றன. ஒன்று, வினைவெப்பம். மெக்னீசியத்தையும் ஹைட்ரஜனையும் பிரிக்க ஒவ்வொரு மோல் ஹைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 75 கிலோஜூல் கொடுத்தே ஆக வேண்டும். மற்றது கிளர்வு ஆற்றல். பிரியும் வழியில் கடக்க வேண்டிய தடையின் உயரம் அது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதை நினைத்துப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் வாளியை அதற்கு மேலே தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். சுவரை இடித்துத் தாழ்த்தினால் வேலை விரைவாக நடக்கும். கிணற்றின் ஆழம் அதனால் ஒரு சாண்கூடக் குறையாது. வினையூக்கி செய்வது சுவரைத் தாழ்த்தும் வேலை. 75 கிலோஜூல் என்ற ஆழம் அப்படியே இருக்கும்.

அந்த ஆழம் சிறியதும் அல்ல. ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகும்போது கிடைப்பது 242 கிலோஜூல். அதை ஹைட்ரைடிலிருந்து பிரிக்கவே 75 கிலோஜூல் போய்விடுகிறது என்றால், கிடைக்கும் ஆற்றலில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கிலோ கணக்கில் சொன்னால், ஒரு கிலோ ஹைட்ரஜனை வெளியேற்ற ஏறத்தாழ 37 மெகாஜூல் வெப்பம் வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த வினையூக்கியைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மெக்னீசியம் ஹைட்ரைடின் எடையில் 7.6 விழுக்காடு ஹைட்ரஜன் என்பதால் எல்லோருக்கும் அதன்மேல் கண். ஆனால் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் அது ஹைட்ரஜனை விட வேண்டுமானால் 280 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டியிருக்கிறது. அந்த வெப்பநிலையை நிர்ணயிப்பது வினைவெப்பமும், வாயுவாக வெளிவரும்போது கூடும் ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியும்தான். கிளர்வு ஆற்றலுக்கு அதில் பங்கு இல்லை.

இரண்டும் வேறு வேறு என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று அலுமினியம் ஹைட்ரைடு. அதில் 10 விழுக்காடு ஹைட்ரஜன். வினைவெப்பம் மிகவும் குறைவு, 10 கிலோஜூலை ஒட்டித்தான். ஆழத்தை மட்டும் பார்த்தால் அறை வெப்பநிலையிலேயே அது சிதைந்து ஹைட்ரஜனைக் கொட்டிவிட வேண்டும். அலுமினியத்தையும் ஹைட்ரஜன் வாயுவையும் வைத்து நேரடியாக அதைத் திரும்பச் செய்யவும் ஆயிரக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தம் தேவைப்படுகிறது. ஆனாலும் அந்தத் தூள் புட்டியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. தடை உயரமாக இருக்கிறது, மேலே ஆக்சைடு படலமும் மூடியிருக்கிறது. ஆழமே இல்லாத கிணற்றுக்கு உயரமான சுவர் கட்டியதுபோல.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிச் சுவரின் உச்சி தரைமட்டத்துக்குக் கீழே இருக்க முடியாது. ஹைட்ரஜன் வெளியேற்றத்துக்கு யாராவது அளந்த கிளர்வு ஆற்றல் 75 கிலோஜூலுக்கும் கீழே வந்தால் கொண்டாடுவதற்கு முன், வினையின் எந்தப் படியை அளந்தோம், எந்த நிலையில் அளந்தோம் என்று திரும்பிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அச்சில் வந்திருக்கும் எண்களில் அப்படிப்பட்டவையும் இருக்கின்றன. கலப்பில்லாத மெக்னீசியம் ஹைட்ரைடுக்கே 120 முதல் 200க்கும் மேல் வரை ஆய்விதழ்களில் பார்க்கலாம். பொருள் ஒன்று, எண் பல. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வெப்பநிலை ஏற ஏற வினையின் வேகம் அடுக்குக்குறி விகிதத்தில் கூடுகிறது என்பது 1889ல் அர்ஹீனியஸ் தந்த சமன்பாடு. கிளர்வு ஆற்றலைக் கண்ணால் பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. வேகத்தை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, அந்தச் சமன்பாட்டைப் பின்னோக்கிப் போட்டு எடுக்கிறோம். ஆய்வகங்களில் மிக அதிகமாகப் புழங்குவது கிஸ்ஸிஞ்சர் 1957ல் வெளியிட்ட முறை. தூளை ஒரு சீரான வேகத்தில் சூடேற்றினால் ஏதோ ஒரு வெப்பநிலையில் ஹைட்ரஜன் வெளியேற்றம் உச்சத்தைத் தொடும். வேகமாகச் சூடேற்றினால் அந்த உச்சம் மேலே தள்ளிப்போகும். சூடேற்றும் வேகத்தை உச்ச வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையை ஒரு அச்சிலும், கெல்வினில் உச்ச வெப்பநிலையின் தலைகீழை மற்ற அச்சிலும் குறித்தால் ஒரு நேர்கோடு வரும். அதன் சாய்வை 8.314ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல். தூளில் நடக்கும் வினையின் நுட்பம் தெரியாமலே கணக்குப் போட்டுவிடலாம் என்பதால் எல்லோரும் இதை விரும்புகிறார்கள். அந்த எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆய்வு மாணவர் மெக்னீசியம் ஹைட்ரைடுடன் ஓர் ஆக்சைடைச் சேர்த்து ஆர்கான் சூழலில் பல மணி நேரம் அரைத்துக் கொண்டுவந்தார். சாம்பல் நிறத் தூள் நன்றாகக் கறுத்திருந்தது. காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படிந்துவிடும் என்பதால் கிளவ் பாக்ஸுக்குள், முழங்கை வரை ரப்பர் உறைகளில் கையை நுழைத்து, 8 மில்லிகிராம் தூளை அலுமினா மூசையில், அதாவது வெப்பம் தாங்கும் சிறு கிண்ணத்தில், அளந்து போட்டேன். நிமிடத்துக்கு 2, 5, 10, 20 டிகிரி என நான்கு வேகங்களில் சூடேற்றினோம். உச்சங்கள் முறையே 358.0, 378.3, 395.3, 414.5 டிகிரி செல்சியஸில் வந்தன. கோடு போட்டதில் கிளர்வு ஆற்றல் 136 கிலோஜூல். ஆக்சைடு சேர்க்காத தூளுக்கு முந்தைய மாதம் நாங்கள் எடுத்திருந்தது 151. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் எண், முழுப் பொருத்தத்துக்கு 1 என்றால், 0.999 வந்திருந்தது. மாணவர் அன்று மாலையே கட்டுரையின் சுருக்கத்தை எழுதத் தொடங்கிவிட்டார். “மேடம், தடை 15 கிலோஜூல் இறங்கியிருக்கிறது, 0.999க்கு மேல் என்ன வேண்டும்?” என்று கேட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான்.

மறுநாள் காலை மூசையை இடுக்கியால் எடுத்தபோது கையில் கனமாகத் தெரிந்தது. தராசில் வைத்துப் பார்த்தேன். பழைய மூசையைவிட ஒன்றரை மடங்கு எடை. புதிதாக வந்த பெட்டியில் இருந்த மூசைகள் எல்லாமே அடி தடித்தவை. எங்கள் கருவியில் வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் தூளைத் தொடுவதில்லை, மூசை உட்காரும் தட்டின் அடியில் இருக்கும். தட்டு சூடாகி, தடித்த அடி சூடாகி, பிறகுதான் தூளுக்கு வெப்பம் போய்ச் சேரும். அதற்குள் தெர்மோகப்பிள் மேலே போயிருக்கும். எவ்வளவு மேலே என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துத்தநாகத்திடம் கேட்டோம். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். நீங்கள் மெதுவாகச் சூடேற்றினாலும் வேகமாகச் சூடேற்றினாலும் அது அதே வெப்பநிலையில்தான் உருகும். அதே வகைப் புது மூசையில் ஒரு துண்டு துத்தநாகத்தைப் போட்டு, அதே நான்கு வேகங்களில் ஓட்டினோம். திரையில் உருகல் தொடங்கிய இடம் 2 டிகிரி வேகத்தில் 420.1, 5ல் 421.0, 10ல் 422.5, 20ல் 425.5. ஒவ்வொரு முறையும் தூள் தெர்மோகப்பிளைவிட 18 விநாடி பின்தங்கியிருக்கிறது. மெதுவாகச் சூடேற்றினால் 18 விநாடியில் 0.6 டிகிரிதான் ஏறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். வேகமாகச் சூடேற்றினால் அதே 18 விநாடியில் 6 டிகிரி ஏறிவிடும்.

இந்தப் பின்தங்கலைக் கழித்தோம். உச்சங்கள் 357.4, 376.8, 392.3, 408.5 ஆயின. மீண்டும் கோடு போட்டோம். கிளர்வு ஆற்றல் 150 கிலோஜூல். பழைய தூளுக்கு வந்த 151க்கும் இதற்கும் வேறுபாடே இல்லை. நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்த தடை இறக்கம் மூசையின் அடியில் இருந்திருக்கிறது. 6 டிகிரிப் பிழை, அதுவும் ஒரே ஒரு முனையில். அதற்கு விலை 14 கிலோஜூல். கோடு மட்டும் அப்போதும் கண்ணுக்குக் குறையில்லாத நேர்கோடாகத்தான் இருந்தது. பிழை ஒழுங்காக வளர்ந்தால் கோடும் ஒழுங்காகவே வரும் என்பதை அன்று அந்த மாணவரோடு சேர்ந்து நானும் கற்றேன்.

ஆக்சைடு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அதைச் சேர்க்காத தூளில் 10 டிகிரி வேகத்தில் உச்சம் 418ல் இருந்தது, சேர்த்த பிறகு 392. 26 டிகிரி இறக்கம் உண்மையானது, பயனுள்ளது. தடை தாழ்ந்ததால் அது வரவில்லை, அவ்வளவுதான். அரைத்ததில் துகள்கள் சிறுத்து, ஹைட்ரஜன் வெளியேற வாய்கள் பெருகியிருக்கின்றன. அர்ஹீனியஸ் சமன்பாட்டில் அதிர்வெண் காரணி, அதாவது தடையைக் கடக்கும் முயற்சிகளின் எண்ணிக்கையைக் காட்டும் பெருக்கெண், கூடியிருக்கிறது, கிளர்வு ஆற்றல் அப்படியே நிற்கிறது. உச்ச வெப்பநிலை இறங்கினாலே தடை இறங்கிவிட்டது என்று எழுதுவது எங்கள் துறையில் அன்றாடம் நடக்கும் தவறு. கட்டுரையில் 26 டிகிரியை மட்டும் சொல்லி, சாய்வு மாறவில்லை என்பதையும் எழுதினோம். மாணவருக்கு முதலில் வருத்தம்தான். அந்தப் பத்திதான் பிறகு அவருடைய ஆய்வேட்டில் மிக நல்ல பகுதியாக அமைந்தது.

14 கிலோஜூல் பெரிதா என்று கேட்கலாம். தவறான கோட்டை 200 டிகிரி வரை நீட்டி, அங்கே ஹைட்ரஜன் எவ்வளவு வேகமாக வரும் என்று கணித்தால், உண்மையைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் வரும். 20 மணி நேரம் ஆகக்கூடிய வேலை எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று நம்பி ஒருவர் சேமிப்புக் கலத்தை வடிவமைப்பார்.

மூசை ஒரு கதை. அழுத்தம் இன்னொரு கதை. மூடிய கலத்தில் தூளைச் சூடாக்கி, அழுத்தம் ஏறுவதை வைத்து வேகத்தை அளக்கும் முறையும் உண்டு. ஹைட்ரஜன் வெளியே வர வர அதன் அழுத்தம் ஏறும், ஏறிய அழுத்தம் மிச்ச ஹைட்ரஜனை வரவிடாமல் தடுக்கும். மெக்னீசியம் ஹைட்ரைடுக்கு 300 டிகிரியில் சமநிலை அழுத்தம், அதாவது வெளியேற்றம் நின்றுவிடும் அழுத்தம், ஏறத்தாழ ஒன்றரை வளிமண்டலம்தான். கலத்தில் ஏற்கெனவே ஒரு வளிமண்டலம் இருந்தால் உந்துவிசை மிகவும் குறைந்துவிடும். அப்போது வெப்பநிலையை உயர்த்தினால் வேகம் கூடுவதற்குக் காரணம் இரண்டு: தடையைக் கடப்பது எளிதாகிறது, சமநிலையும் விலகிப்போகிறது. கணக்குப் போடுபவர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி முழுவதையும் கிளர்வு ஆற்றல் என்று எழுதிவிட்டால், வினைவெப்பத்தின் ஒரு பங்கும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். எண் உண்மையைவிட உயர்ந்து வரும். வெற்றிடத்தில் அளந்த எண்ணையும் அழுத்தத்தில் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வினையூக்கியின் பெருமையைப் பேசுவது சரியாகாது.

தூள் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வதும் உண்டு. ஹைட்ரஜன் பிரிவது வெப்பத்தை விழுங்கும் வினை. ஒரு கிராம் தூளை எடுத்து வேகமாக வெளியேற்றினால் நடுப்பகுதி பல டிகிரி தாழ்ந்துவிடும், உலை அதே வெப்பநிலையைக் காட்டிக்கொண்டிருக்கும். மில்லிகிராம் கணக்கில் எடுப்பது அதனால்தான்.

பிறகு பிழை வரம்பு. மூன்றே மூன்று வேகங்களில் அளந்து கோடு போட்டு, கிளர்வு ஆற்றலைத் தசமப் புள்ளியோடு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று புள்ளி, ஒரு கோடு என்றால், 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல சாய்வின் திட்டப் பிழையை (சாய்வு எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவை) 12.7ஆல் பெருக்க வேண்டும். நான்கு புள்ளிக்கு 4.3, ஐந்துக்கு 3.2. எங்கள் தவறான 136க்கே முறையாகப் பிழை வரம்பு போட்டிருந்தால் கூட்டல் கழித்தல் 12 வந்திருக்கும். 136க்கும் 151க்கும் வேறுபாடு உண்டு என்று அடித்துச் சொல்லும் துணிவு அப்போதே எங்களுக்குக் குறைந்திருக்கும். 0.999ஐப் பார்த்த மயக்கத்தில் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. வெப்பப் பகுப்பாய்வுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பின் வினைவேகக் குழு 2011ல் வெளியிட்ட பரிந்துரைகளில் இவற்றில் பலவும் தெளிவாக இருக்கின்றன. உச்சத்தை மட்டும் பார்க்காமல், வினை 10 விழுக்காடு முடிந்தபோது, 50 முடிந்தபோது, 90 முடிந்தபோது எனத் தனித்தனியே கிளர்வு ஆற்றலை எடுத்துப் பார்ப்பது நல்லது. அது வழியெல்லாம் மாறிக்கொண்டே போனால், ஒரே எண்ணைச் சொல்வதற்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

நான் வினையூக்கிகளுக்கு எதிரி அல்ல. 1997ல் போக்தானோவிச், ஷ்விக்கார்டி என்ற இரு ஆய்வாளர்கள் சோடியம் அலுமினியம் ஹைட்ரைடில் சிறிது டைட்டானியத்தைச் சேர்த்து, விட்ட ஹைட்ரஜனைத் திரும்ப ஏற்க வைத்தபோது இந்தத் துறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் பொருளால் அது முடியும் என்று அதற்கு முன் நினைத்தவர்கள் மிகக் குறைவு. சென்ற வாரச் செய்தியில் வந்த ஆய்வும் நல்ல ஆய்வாகவே இருக்கலாம். 80 என்பது உண்மையாகவே 80ஆக இருக்கலாம். அதை உங்கள் செய்தியைப் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை என்பதுதான் என் வருத்தம். தங்கள் அறிவியல் பக்கத்தைப் பள்ளி மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கிறார்கள். ‘பாதி வெப்பம் போதும்’ என்று ஒருவர் மனத்தில் பதிந்துவிட்டால், அதைப் பிறகு வகுப்பில் அழிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஆய்வகத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த மாணவர்களிடம் நான் பார்த்திருக்கிறேன்.

ஆய்வாளர்களிடம் பேட்டி எடுக்கும் தங்கள் செய்தியாளர்கள் நான்கு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டால் போதும். எத்தனை சூடேற்றும் வேகங்கள்? ஹைட்ரஜன் எந்த அழுத்தத்துக்குள் வெளிவந்தது? பிழை வரம்பு எவ்வளவு? வெப்பநிலையை எதை வைத்துச் சரிபார்த்தார்கள்? ஒழுங்காக அளந்தவர் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை சொல்வார். எங்களிடம் யாரும் இவற்றைக் கேட்பதே இல்லை.

திருத்தம் வெளியிட இடமிருந்தால் நீளமாக எழுத வேண்டியதில்லை. இந்த மூன்று வரிகளைப் போட்டால் போதும்: ‘வினையூக்கி ஹைட்ரஜன் வெளிவரும் வேகத்தைக் கூட்டுகிறது. வெளியேற்றத் தேவையான வெப்பம், ஒரு மோலுக்கு ஏறத்தாழ 75 கிலோஜூல், மாறவில்லை. செய்தியில் குறிப்பிட்ட 80 கிலோஜூல் எந்த முறையில், எந்த அழுத்தத்தில், என்ன பிழை வரம்போடு அளக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்களிடம் கேட்டு வெளியிடுவோம்.’

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகத் தொழில்நுட்ப அலுவலர், தங்கள் அறிவியல் பக்கத்தின் நெடுநாள் வாசகி